களிம்பு பிடித்த விளக்குகள்

பழைய அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஓரமாக ஒரு சிறிய ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள் இரண்டு. வண்டி மொத்தத்துக்கும் அவ்வளவே. ஹார்னும் உள்விளக்கும் ஒன்றின் பொறுப்பு. பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் மற்றொன்றின் பொறுப்பு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. மழை இரவில் இண்டிகேட்டர் எரியவில்லை என்றால், வைப்பரும் நின்றதா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இரண்டும் நின்றிருந்தால் ஃபியூஸ். இண்டிகேட்டர் மட்டும் நின்றிருந்தால் பல்பு, ஹோல்டர், ஃபிளாஷர் என்று தேட வேண்டிய இடம் மூன்றாகச் சுருங்கிவிடும். இன்றைய நடுத்தரக் காரில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, இன்ஜின் பக்கம் ஒரு பெட்டி, இரண்டிலும் சேர்த்து முப்பதுக்கு மேல் ஃபியூஸ்கள். அவற்றையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஒரு கணினி. இடப்பக்க இண்டிகேட்டரை எரிய வைப்பது இப்போது ஸ்டியரிங் அருகிலுள்ள குச்சி அல்ல. குச்சி கணினியிடம் சொல்கிறது, கணினி விளக்குக்குச் சொல்கிறது.

இடையில் அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் கார் விளக்கு திரும்பத் திரும்பப் பழுதாவதற்கான காரணங்களில் முதல் இரண்டும் இன்னும் மாறவில்லை. ஒன்று தண்ணீர், மற்றொன்று எர்த்.

காரில் விளக்குக்குப் போவது ஒரே ஒரு வயர்தான். மின்சாரம் திரும்பி வரும் பாதை வண்டியின் உடம்பு; அதுதான் எர்த். பேட்டரியின் ஒரு முனையை உடம்புத் தகட்டோடு பிணைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு விளக்கும் தன் அருகிலுள்ள தகட்டைத் தொட்டுக்கொண்டால் சுற்று முழுமையாகிறது. வயர் மிச்சம், எடை மிச்சம், செலவும் மிச்சம். ஆனால் அந்தத் தொடுகை ஒரு திருகாணியின் கீழே, மழையும் சேறும் படும் இடத்தில் இருக்கிறது. பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும், இரும்பில் துரு ஏறும், பெயின்ட் ஒரு மெல்லிய தடுப்பாக நிற்கும். விளக்குக்கு மின்சாரம் போகும், திரும்பி வர வழி இருக்காது. அப்போது அது அடுத்த பல்பின் இழை வழியாகப் புகுந்து வெளியேறப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் துடிப்பதும், டெயில் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால் இரண்டுமே அணைவதும் இதனால்தான். புதிதாகப் பார்ப்பவருக்கு வயரிங் முழுவதும் குழம்பிப்போன மாதிரி தெரியும். பழகிய எலக்ட்ரீஷியன் ஒரு தடவை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எர்த் இல்லண்ணே" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்.

அவருடைய கருவி ஒரு டெஸ்ட் லாம்ப்: ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் கிளிப். ஹோல்டரைக் கழற்றி, உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து, உள்ளே அமுங்கிப்போன ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு, கடைசியில் ஹோல்டரிலிருந்து டிக்கித் தகட்டுக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்துத் திருகாணியில் முறுக்கிவிடுவார். கூலி ஒரு சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. விளக்கு உடனே எரியும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மறுபடி அணையும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் மழை வரும்வரைகூடத் தாங்காது. பழைய வண்டிகளின் டிக்கிக்குள் இப்படிப் பல கைகள் இழுத்துவிட்ட எர்த் வயர்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு மழைக்காலத்தின் கணக்கு.

வயர்களின் நிறங்களுக்கும் அன்று ஓர் ஒழுங்கு இருந்தது. லூகாஸ் முறையில் வயரிங் செய்யப்பட்ட ஆங்கிலேய வழி வண்டிகளில் கறுப்பு என்றால் எர்த், பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்க இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்க இண்டிகேட்டர். சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஆலையும், ஊர் தோறும் 'டைனமோ, செல்ஃப் மோட்டார் ரிப்பேர்' என்று போர்டு மாட்டிய கடைகளும் சேர்ந்து, இந்த நிறங்களைப் புத்தகம் இல்லாமலே மனப்பாடமாக வைத்திருந்த ஒரு தலைமுறையை உருவாக்கின. ஆனால் அவசரத்துக்குக் கையில் கிடைத்த வயரைப் போட்டு ஒட்டியதில் அந்த ஒழுங்கு சீக்கிரமே குலைந்தது. பத்து வருடம் ஓடிய வண்டியில் சிவப்பு நீலமாகி, நீலம் மஞ்சளாகி, இன்சுலேஷன் டேப்புக்குள் மறைந்துபோகும். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகும் வழக்கமும் இருந்தது. ஆபத்தான வழக்கம். உருக வேண்டிய ஃபியூஸ் உருகாததால் வயரிங்கே எரிந்துபோன வண்டிகள் உண்டு. அன்றைய எளிமையை நினைத்து ஏங்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பல்பு அடிக்கடி போவதற்கு அன்று இன்னொரு காரணமும் இருந்தது. டைனமோ காலத்தில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தியது 'கட் அவுட்' என்று மெக்கானிக்குகள் அழைத்த பெட்டி. உள்ளே ஸ்பிரிங்கும் தொடுபுள்ளிகளும் கொண்ட ரிலேக்கள். புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் ஏறும், ஸ்பிரிங் தளர்ந்தால் இறங்கும். இழை பல்பு இந்த விஷயத்தில் மிகவும் நுட்பமானது. அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். அழுத்தம் 5 சதவீதம் கூடினால் பல்பின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மாதம் ஒரு பல்பு மாற்றியவர்கள் பல்புக் கம்பெனியைத் திட்டினார்கள். கோளாறு பெரும்பாலும் கட் அவுட்டில் இருந்தது. நின்ற இடத்தில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் கொடுக்காது, ஹெட்லைட் மஞ்சளாகி மங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபடி வெளுக்கும். ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் வந்த பிறகு இந்தத் தொல்லை அடியோடு ஒழிந்தது. இன்று கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம், விளக்கின் வெளிச்சம் இன்ஜினின் வேகத்தைப் பொறுத்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

வெளிச்சத்தின் அளவில் கிடைத்த லாபம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் எண்ணம். ஹாலஜனுக்கு முந்தைய 45/40 வாட் ஹெட்லைட் பல்பு டிம்மில் தந்தது ஏறத்தாழ 675 லூமென். 1971இல் ஐரோப்பாவில் வந்து பின்னர் உலகமெங்கும் பரவிய எச்4 ஹாலஜன் 55 வாட்டில் 1,000 லூமென் தந்தது. 1991இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த செனான் விளக்கு 35 வாட்டிலேயே 3,200 லூமென். 2007இல் லெக்ஸஸ் கார் ஒன்று டிம் விளக்குக்கு எல்.இ.டி.யைப் பயன்படுத்தியது, இன்று அதே நுட்பம் நம் ஊர்க் குடும்பக் கார்களில் வந்துவிட்டது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பழைய அம்பாசிடரில் இரவில் ஏறியவர்கள், விளக்கு எட்டாத வளைவுகளில் ஹார்னைத்தான் நம்பி வண்டியைத் திருப்பினார்கள். மூடுபனி இறங்கினால், ஒருவர் இறங்கிச் சாலையோர வெள்ளைக் கற்களைப் பார்த்து முன்னால் நடப்பதும் உண்டு. இன்று ஓரத்து மரத்தின் பட்டைகூடத் தெரிகிறது. யானை நிற்கும் சாலையில் அது சின்ன விஷயமில்லை.

பின்பக்கத்திலும் ஒரு லாபம் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. இழை பல்பு சூடேறி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்பது ஐந்தரை மீட்டர். பின்னால் வருபவருக்கு ஒரு காரின் நீளத்தைவிட அதிகமான தூரம் இனாமாகக் கிடைக்கிறது. பிரேக் லைட்டால் யாரும் உயிர் பிழைத்ததாகச் செய்தி வராது. ஆனாலும் அந்த ஐந்தரை மீட்டருக்குள் எத்தனையோ பேர் பிழைத்திருக்க வேண்டும்.

இனி இழந்ததைச் சொல்ல வேண்டும். ரிப்பேர் செய்யும் வசதியை இழந்தோம் என்பதுதான் வழக்கமான புலம்பல். அது முழு உண்மையல்ல. 1940இல் அமெரிக்காவில் வந்த சீல்டு பீம் விளக்கும் முழுதாகக் கழற்றி எறிய வேண்டியதுதான். கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றும் ஒரே உடலாக ஒட்டியிருக்கும். இழை போனால் எல்லாம் போச்சு. ஆனால் அது ஏழு அங்குல வட்டம். அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் பல லாரிகளுக்கும் அதே ஏழு அங்குலம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ, மதுரையிலோ, நெடுஞ்சாலை ஓரத்து ஒற்றைக் கடையிலோ கேட்டால் எடுத்து நீட்டுவார்கள். நாம் இழந்தது அந்தப் பொதுமையை. இன்று ஒவ்வொரு மாடலுக்கும் தனி விளக்கு. அதே மாடலில் விலை குறைந்த ரகத்துக்கு ஒன்று, கூடிய ரகத்துக்கு ஒன்று, மூன்று வருடம் கழித்து முகத்தை மாற்றி விட்ட புதுப்பதிப்புக்கு வேறொன்று. திண்டுக்கல்லில் உடைந்தால் சென்னையிலிருந்தோ அதற்கும் வடக்கேயிருந்தோ வர வேண்டும். அன்று சில நூறு ரூபாயில் முடிந்தது இன்று பல ஆயிரம். சில வண்டிகளில் மாதச் சம்பளம்.

இடையில் வந்த காலம் ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சொருகி எடுக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்கள், ஒழுங்கான எர்த் புள்ளிகள், கையாலேயே திருகி எடுக்கும் பல்பு ஹோல்டர்கள் என்று அது ஒரு நல்ல நடுவழியைக் காட்டியது. விளக்கு அடிக்கடி போகவில்லை. போனாலும் வீட்டு வாசலிலேயே மாற்ற முடிந்தது. இரண்டு காலத்தின் நல்ல குணங்களும் சேர்ந்திருந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அவை. 2014 தொடக்கத்தில் மாருதி 800இன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதம் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடர் ஆலை நின்றது. அக்டோபரில், வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்துக்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யைக் கண்ட, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான். ஆனாலும் மோட்டார் விளக்கின் வரலாற்றை எழுதுபவர் அந்த ஆண்டை அடிக்கோடிட்டே ஆக வேண்டும்.

இன்றைய பழுதுகள் வேறு முகத்தோடு வருகின்றன. முதலாவது, ஹெட்லைட்டுக்குள் பூக்கும் ஆவி. பழைய கண்ணாடிக்குப் பதில் இப்போது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். இலகுவானது, கல் பட்டால் சிதறாது. ஆனால் மேல்பூச்சு தேய்ந்த பின் வெயில் அதை மஞ்சளாக்கிவிடும். பூந்தமல்லியை அடுத்த புதுச்சத்திரத்து விளக்கு ஆலையில் செய்தாலும் சரி, வேறெங்கு செய்தாலும் சரி, எல்லா விளக்குக்கும் மூச்சுவிட ஒரு சிறு துவாரம் உண்டு. மழையிலோ குளிர்ந்த காலையிலோ உள்ளே லேசாக ஆவி படிவது இயல்பு. விளக்கைப் போட்டு ஓட்டினால் சிறிது நேரத்தில் மறைய வேண்டும். மறையாமல் துளியாகத் திரண்டு கீழே தேங்கினால் சீல் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஹாலஜன் பல்பு முன்பக்கமாகவே வெப்பத்தை வீசி ஈரத்தை உலர்த்திவிடும். எல்.இ.டி. தன் வெப்பத்தைப் பின்பக்கத் தகட்டில் இறக்குவதால் முன்கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும். சிக்கனமான விளக்கு தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளாத விளக்காகவும் ஆகிவிட்டது.

இரண்டாவது, கணினிக்கும் விளக்குக்கும் இடையில் வரும் பிணக்கு. விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் அளவைப் பார்த்துத்தான் அது உயிரோடிருக்கிறதா என்று கணினி முடிவு செய்கிறது. 21 வாட் பல்பு இருந்த இடத்தில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகினால், இழுவை குறைந்துவிட்டதைப் பார்த்துப் பல்பு போய்விட்டது என்று கணினி கருதும். டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை வரும், இண்டிகேட்டர் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துக்கொள்ளும். சரிசெய்வதாகச் சொல்லிக் கடைக்காரர் ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பார், அது கொதிக்கும், பக்கத்திலுள்ள வயரின் உறை இளகும், ஆறு மாதத்தில் வேறொரு விளக்கு அணையும். அன்றைக்கு ஈயத்தாள், இன்றைக்கு ரெசிஸ்டர். இரண்டுமே எச்சரிக்கையை வாய்மூட வைக்கும் வேலைதான். இரண்டும் வேண்டாம் என்றே சொல்வேன்.

மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையின் தாழ்ந்த பகுதிகளில் கார்கள் நீரில் மூழ்கின. இன்ஜினைக் கழுவிச் சரிசெய்து ஓட்டியவர்களை மாதக்கணக்கில் துரத்தியது விளக்குகள்தான். இன்று டெயில் லைட் போகும், நாளை தானே எரியும், மறுநாள் ரிவர்ஸ் லைட் அணையாமல் நிற்கும். கனெக்டர் வழியாகப் புகுந்த தண்ணீர், வயரின் மெல்லிய செம்புக் கம்பிகளுக்கிடையே, திரி எண்ணெயை இழுப்பதுபோல் மெல்ல மேலேறிவிடுகிறது. பிளாஸ்டிக் உறை வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் பொருத்தினால் பின்பக்க விளக்குச் சுற்றில் கோளாறு என்று ஓர் எண் வரும். எந்தக் கம்பியில், எந்த அங்குலத்தில் என்று எண் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் ஒருவர் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி, எர்த் திருகாணியைக் கழற்றி, அடியில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். பெரும்பாலும் பூத்திருக்கிறது. ஸ்கேனரையும் உப்புத்தாளையும் கையாளத் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் இப்போதும் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். இவர்களுக்குத் தர வேண்டிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை. பாகத்தை மாற்றுபவருக்கு ஆயிரங்களைத் தருகிறோம். பாகத்தை மாற்ற வேண்டியதில்லை என்று அரை நாள் தேடிச் சொல்பவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

வெளிச்சம் கூடியதற்கு எதிரே வருபவர்கள் கொடுக்கும் விலையும் ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவரைக் கூசச் செய்யாதபடி விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அம்பாசிடர் காலத்தில் ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்பு பெயின்ட் அடிப்பார்கள், அல்லது நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவார்கள். போக்குவரத்துப் போலீஸாரே சாலையில் நின்று ஒட்டிவிடுவதும் உண்டு. எதிரே வண்டி வந்தால் இடது காலால் தரையிலுள்ள சுவிட்சை ஒரு மிதி, டிம்மாகும். லாரி ஓட்டுநர்களிடையே அது எழுதப்படாத மரியாதை. நான் இறக்கினால் நீயும் இறக்க வேண்டும். அந்தக் கால் சுவிட்சிலும் தண்ணீர் புகுந்து துருவேறி, டிம்மிலேயோ பிரைட்டிலேயோ சிக்கிக்கொள்ளும் என்பது வேறு கதை. இன்று சுவிட்ச் சிக்குவதில்லை. ஆனால் ஹாலஜனுக்காகச் செய்த பிரதிபலிப்பானுக்குள் மலிவான எல்.இ.டி. பல்பைத் திணித்தவர் டிம்மில் வந்தாலும் எதிரே வருபவருக்குச் சாலை மறைந்துவிடுகிறது. இழை இருக்க வேண்டிய புள்ளியில் ஒளி இல்லாததால் கதிர்கள் எல்லாப் பக்கமும் சிதறுகின்றன. தன் சாலை பளிச்சென்று தெரிகிறது என்று அவர் மகிழ்கிறார். எதிரே இரு சக்கர வாகனத்தில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து வருபவரின் நிலையை அவர் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும்.

எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் டாக்ஸிகளுக்கும் லாரிகளுக்கும் அன்றும் இன்றும் ஒரு சோதனை மாறவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று "லெஃப்ட் போடு, ரைட் போடு, டிம், பிரைட்" என்பார். பின்னால் போய் "பிரேக் மிதி" என்பார். அன்று அந்தச் சோதனைக்கு முந்தைய இரவு எலக்ட்ரிகல் கடைகளில் கூட்டம் நிற்கும். சொந்தக் கார்க்காரர்களுக்கு அப்படியொரு தேதி அடிக்கடி வருவதில்லை என்பதால், வீட்டில் யாரையாவது பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, "எரியுதா?" என்று கேட்பது வழக்கமாக இருந்தது. அதிலிருந்து பல பிள்ளைகள் எது டெயில் லைட், எது பிரேக் லைட் என்று கற்றுக்கொண்டார்கள். இப்போது டாஷ்போர்டே சொல்லிவிடுகிறது. சொல்லாத வண்டிகளில் யாரும் கேட்பதுமில்லை.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத் தளத்தைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. விளக்கு விஷயத்தில் அந்த உரிமைக்கு மிக எளிய அர்த்தம் உண்டு. முன்கண்ணாடி, உள்ளிருக்கும் மின் இயக்கிப் பலகை, சீல் ஆகியவை தனித்தனியே விலைக்குக் கிடைக்க வேண்டும். எர்த் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற படம் வண்டியோடு வரும் கையேட்டில் இருக்க வேண்டும். அதுவரை வேலை சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில்தான் நடக்கும். அங்கே விளக்கை மிதமான சூட்டில் வைத்து ஒட்டுப்பசையை இளக்கி, கண்ணாடியைப் பிரித்து, பலகையை மாற்றி, புதிய பசை வைத்து மூடித் தருகிறார்கள். முழு விளக்கின் விலையில் ஒரு பகுதிதான் செலவு. மூடிய பின் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்து, உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று காட்டிய பிறகே காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.